மானுக்குப் போகும் மருமகனும் நூறு டொலர் பைனாகுலரும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ரொறன்ரோவிலிருந்து மருமகன் அழைத்தான். என் தமக்கையின் மகன். மாங்குளத்திற் பிறந்து, ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கிய 1997ஆம் ஆண்டில், பத்து வயதில், தாயோடு கடல் கடந்தவன். நலம் விசாரித்து முடித்த கையோடு கேட்டான்:

"மாமா, மானுக்குப் போறதெண்டா எந்தப் பைனாகுலர் நல்லது? விலை கனக்க வேண்டாம்."

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்த எனக்குத் துப்பாக்கியைப் பற்றியும் வேட்டையைப் பற்றியும் சொல்ல அதிகமில்லை. ஆனால் ஓய்வு பெற்றபின் குளக்கரைகளில் நின்று பறவை பார்க்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. மலிவான பைனாகுலர்கள் நான்கைந்தை வாங்கி, அவற்றுள் இரண்டைப் பூஞ்சணத்துக்குப் பறிகொடுத்த அனுபவமும் உண்டு. அதனால் குடும்பத்தில் இந்த விடயத்துக்கு நானே நிபுணன் என்றொரு பெயர்.

ஒன்ராறியோவில் மான்வேட்டை சட்டத்துக்கு உட்பட்டது. உரிமம் வேண்டும், மானுக்கெனத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும், துப்பாக்கிப் பருவத்தில் செம்மஞ்சள் மேலாடை அணிய வேண்டும், சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னதாகத் தொடங்கி, மறைந்து அரை மணிக்குள் முடித்துவிட வேண்டும். அவன் அங்கே ஏதோ வேட்டைக் குழுவிற் சேர்ந்துவிட்டான் என்று நினைத்து, எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு போனேன். பாதியில் இடைமறித்தான்.

"இஞ்ச இல்லை மாமா. ஆடி லீவுக்கு ஊருக்கு வாறன். மாங்குளத்தில பெடியள் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறம் எண்டிருக்கிறாங்கள்."

கேள்வி அதேதான். ஆனால் விடை வேறாகிவிட்டது.

மாங்குளத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 நெடுஞ்சாலையில், வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் உள்ள சந்தி அது. கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவு; மேற்கே திரும்பினால் மல்லாவி, துணுக்காய் கடந்து வெள்ளாங்குளம். சந்தியாக இருந்ததே அதன் சாபம். 1990 நவம்பரில் அங்கிருந்த இராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. 1998 செப்டெம்பர் இறுதியில் இராணுவம் திரும்பப் பிடித்தது. 1999 நவம்பரில் மீண்டும் கை மாறியது. 2008 நவம்பரில் மறுபடியும். ஒவ்வொரு கைமாற்றமும் காட்டுக்குள் மிதிவெடிகளை விதைத்துவிட்டுப் போயிற்று. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளைத் தாண்டி விறகுக்குப் போனவர்கள் காலை இழந்தார்கள். அந்த ஆண்டுகளில் மான்களுக்குச் சற்று ஆறுதல் கிடைத்திருக்கலாம். மனிதன் நுழைய அஞ்சிய காடு அவற்றுக்கு மிஞ்சியது.

பைனாகுலருக்கும் வன்னிக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் வன்னிக்குள் கொண்டுசெல்லக்கூடாத பொருள்களில் அதுவும் ஒன்று. 2002 பெப்ரவரி 22ஆம் திகதியிட்ட போர்நிறுத்த உடன்படிக்கையை மறந்திருக்கமாட்டீர்கள். இராணுவத் தேவை சாராத பொருள்கள் தடையின்றிப் போகலாம் என்று அது சொன்னது. ஆனால் விதிவிலக்குகளைப் பின்னிணைப்பில் எழுதி வைத்தார்கள்: வெடிபொருள், தொலைவிலிருந்து இயக்கும் கருவி, முட்கம்பி, திசைகாட்டி, பேனா பற்றரி. இவற்றோடு பைனாகுலரும் தொலைநோக்கியும். சமாதானம் பேசிய காலத்திலும் பைனாகுலர் தடைப்பட்டியலில்தான் இருந்தது.

அந்த ஆண்டு ஏ9 பாதை திறந்தபின் நான் வன்னிக்குப் போனபோது, கைப்பையிற் கிடந்த சிறிய பைனாகுலரை வவுனியாவில் நண்பர் வீட்டில் விட்டுவிட்டே புறப்பட்டேன். திரும்பி வரும்போது நண்பரின் மகள் அதைத் தலைகீழாகப் பிடித்து வீட்டுப் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வவுனியாவிலிருந்த அந்தக் குழந்தைக்குக் கிடைத்த விளையாட்டு, ஓமந்தைக்கு அப்பால் இருந்த எந்தக் குழந்தைக்கும் கிடைக்கவில்லை. அங்கே அந்தக் கருவி ஆயுதம் ஏந்தியவர்களின் கழுத்தில் மட்டுமே தொங்கியது. ஒரு தலைமுறை அதைக் குறிபார்க்கும் சாமானாகவே அறிந்து வளர்ந்தது.

இன்று தடை இல்லை. யாரும் வாங்கலாம், கொண்டு போகலாம். அப்படிக் கொண்டு போகும் முதற்கருவியே மறுபடியும் குறிபார்க்கத்தான் என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை. இதை மருமகனிடம் இவ்வளவு விளக்கமாகச் சொல்ல அன்று வாய் வரவில்லை. "முதல்ல பைனாகுலரைப் பற்றிச் சொல்லுறன், மிச்சத்தைப் பிறகு கதைப்பம்" என்று தொடங்கினேன்.

நிற்க. பைனாகுலர் வாங்க நினைக்கும் எவருக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

கருவியின் உடலில் 8×42 என்றோ 10×50 என்றோ இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு நெருக்கிக் காட்டும் என்பது. எட்டு மடங்கென்றால், 80 மீற்றருக்கு அப்பால் நிற்கும் மான் 10 மீற்றரில் நிற்பதுபோலத் தெரியும். இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். கடைக்காரர்கள் முதல் எண்ணைக் காட்டித்தான் விற்பார்கள். வாங்குவோரும் பெரிய எண்ணுக்குத்தான் மயங்குவார்கள். ஆனால் மடங்கு கூடினால் கைநடுக்கமும் அதே மடங்கு கூடும். பார்வைப் பரப்பும் பொதுவாகச் சுருங்கும். வன்னிக் காடு ஆபிரிக்கப் புல்வெளி அன்று. பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்து நிற்க, அடியிற் பற்றை மண்டிய காடு. அங்கே 300 மீற்றருக்கு அப்பால் மான் பார்க்கும் வாய்ப்பு குளத்தின் வெளிகளைத் தவிர வேறெங்கும் அரிது. ஏழு அல்லது எட்டு மடங்கே தாராளம். பன்னிரண்டு, பதினாறு, "10 முதல் 30 வரை கூட்டிக் குறைக்கலாம்" என்று விளம்பரப்படுத்தும் மலிவுக் கருவிகளைக் கண்டால் ஒதுங்கிச் செல்க.

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. கருவியிலிருந்து உங்கள் கண்ணுக்குள் வரும் ஒளிவட்டத்தின் விட்டம் அத்தனை மில்லிமீற்றர். இளைஞர்களின் கண்மணி இருளில் ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் விரியும்; என் வயதுக்காரருக்கு 5 விரிந்தாலே பெரிது. மான் வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும். சட்டைப்பைக்குள் அடங்கும் 8×21 கருவியில் அந்த ஒளிவட்டம் 2.6 மில்லிமீற்றர்தான். நண்பகலில் அது நன்றாகவே இருக்கும். மாலை ஆறு மணிக்கு இருட்டறையைக் காட்டும். ஐரோப்பிய வேட்டைக்காரர் பலர் 8×56 என்ற கனத்த கருவியைச் சுமப்பதன் காரணமும் இந்தக் கணக்குத்தான்: வகுத்தால் 7. ஆனால் அதன் எடையும் விலையும் நமக்கு வேண்டாம். 8×42 எல்லாவற்றுக்கும் நடுவான தேர்வு.

அடுத்தது உள்ளே இருக்கும் பட்டகம். பழைய படங்களில் கப்பற் தலைவர்கள் பிடித்திருக்கும், தோள் அகன்ற வடிவம் 'போரோ' வகை. இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854இல் உரிமம் பெற்ற ஏற்பாடு. இரண்டு நேர்க்குழாய்களாக மெலிந்து நிற்பது 'ரூஃப்' வகை. பார்வைக்கு அழகானது, மழைநீர் புகாதபடி மூடுவதும் எளிது. ஆனால் அதை நன்றாகச் செய்யச் செலவு அதிகம். ஆகவே, கையில் நூறு டொலர்தான் இருக்கிறதென்றால், அழகைப் பாராமல் போரோ வகையை எடுப்பதே புத்தி. அதே விலையில் வரும் ரூஃப் கருவியைவிட அது பெரும்பாலும் தெளிவாகவே காட்டும். நிக்கானின் அக்குலோன் வரிசை இந்த விலையை ஒட்டி வருகிறது. மழையிலும் பனியிலும் திரிபவர்கள் இன்னும் ஐம்பது, அறுபது டொலர் கூட்டி, நைதரசன் நிரப்பி மூடிய ரூஃப் கருவிக்குப் போகலாம். வோர்ட்டெக்ஸ் போன்றோர் ஆயுட்கால உத்தரவாதமும் தருகிறார்கள். ஸ்வரோவ்ஸ்கி, சைஸ், லைக்கா ஆகியவற்றின் உயர்தரக் கருவிகள் இரண்டாயிரம் டொலரைத் தாண்டும். ஒருமுறை ஒருவருடையதை வாங்கிப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

கடையிற் செய்து பார்க்க வேண்டிய சோதனைகள் சில. கருவியைக் கைநீட்டிப் பிடித்து வெளிச்சத்தை நோக்குங்கள். கண்வில்லையில் தெரியும் ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுண்டு சதுரம்போலத் தெரிந்தால் பட்டகக் கண்ணாடி மட்டமானது. வில்லை மாதுளம்பழம்போலச் சிவந்து மின்னினால் அது கண்ணைக் கவரும் பூச்சு மட்டுமே. தூரத்து மின்கம்பத்தைப் பாருங்கள். இரண்டாகத் தெரிந்தாலோ, பார்த்து எடுத்தபின் நெற்றி வலித்தாலோ இரு குழாய்களும் ஒரே நேரில் இல்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுக. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்வில்லைக்கும் கண்ணுக்கும் இடையில் 15 மில்லிமீற்றராவது விலகியிருந்தும் முழுக்காட்சி தெரியும் கருவியாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

வாங்கியபின் நம்மவர் செய்யும் பெரும்பிழை வேறு. வலக்கண் வில்லையில் ஒரு தனித் திருகு உண்டு. இடக்கண்ணால் நடுத்திருகைச் சரிசெய்து, பின்னர் வலக்கண்ணுக்கு அந்தத் தனித் திருகைச் சரிசெய்ய வேண்டும். இதை ஒருமுறை செய்யாமல் "சாமான் சரியில்லை" என்று மூலையிற் போட்டவர்கள் பலரை அறிவேன். வன்னியின் கிரவற் புழுதியைச் சாரத் தலைப்பால் துடைக்கவும் கூடாது. முதலில் ஊதி, தூரிகையால் தட்டி, பிறகுதான் துணி. மாரி காலத்தில் காற்றுப்புகாத பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலங்களோடு வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "இதைக் கொண்டு வந்து என்ன செய்யப்போறாய்?" என்று கேட்டேன்.

"மானைத் தேடுறதுக்குத்தான் மாமா."

பைனாகுலரால் மானைத் தேடும் வேட்டை எங்கே நடக்கிறது? ஒன்ராறியோவில் நடக்கிறது. அங்கே துப்பாக்கியின் குறிநோக்கியால் காட்டைத் துழாவக்கூடாது என்பது வேட்டைக்காரர் கற்கும் முதற்பாடங்களில் ஒன்று. ஏனெனில் குறிநோக்கி திரும்பும் பக்கமெல்லாம் குழலும் திரும்பும். முதலில் பைனாகுலரால் பார். அது மான்தானா, ஆணா பெண்ணா, பின்னால் ஆள் நிற்கிறாரா என்று உறுதி செய். அதன் பின்னரே துப்பாக்கியைத் தொடு என்பார்கள்.

மாங்குளத்துப் 'பெடியள்' கூட்டிப்போவது அப்படியான வேட்டைக்கன்று. இரவில், தலையிற் கட்டிய ரோச் லைற்றோடு போவார்கள். வெளிச்சம் பட்டதும் மான் அசையாமல் நிற்கும். இரண்டு கண்கள் நெருப்புத்துண்டாக மின்னும். அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் வெடி. விழுந்தது கிடாயா, வயிற்றில் குட்டியோடு நின்ற பிணையா என்பது கிட்டப்போய்ப் பார்த்த பின்னரே தெரியும். அல்லது ஆளே தேவையில்லை. கட்டுத்துவக்கைப் பாதையில் கட்டிவிட்டு வீட்டில் உறங்கலாம். அது மான் என்றும் மாடு தேடி வந்தவன் என்றும் பிரித்துப் பாராது. கம்பிச் சுருக்கும் அப்படித்தான். 2020 மே மாதம் மலையகத்தின் நல்லதண்ணியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் மாட்டி, உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்காமல் இறந்ததைச் செய்திகளிற் படித்திருப்பீர்கள்.

இலங்கையில் மான்வேட்டை சட்டப்படி குற்றம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் திருத்தங்களோடு நடைமுறையில் இருக்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டி மருமகனை மறிப்பது என் நோக்கமன்று. ஊரில் பிடிபட்டுத் தண்டம் கட்டுபவன் பெரும்பாலும் கூலிக்குச் சுட்ட ஏழைப் பெடியன். இறைச்சியைக் கேட்டு வாங்கியவன் அதற்குள் விமானம் ஏறியிருப்பான்.

நான் சைவன் அல்லன். மான் வத்தலும், தேனில் ஊறிய இறைச்சியும் உண்டு வளர்ந்தவன். "வேட்டை எங்கள் வன்னியின் வழக்கம்" என்று சொல்பவரோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. ஆனால் அந்த வழக்கத்தில் ஊருக்கு இரண்டு இடியன் துவக்கு இருந்தது. ஒருமுறை வெடித்தால் மருந்து இடித்து மீண்டும் நிரப்புவதற்குள் கூட்டம் காட்டைக் கடந்துவிடும். விழுந்த ஒன்றைப் பங்கு போட்டு எல்லா வீட்டுக்கும் கொடுத்தார்கள். வைத்திருந்து விற்கக் குளிர்ப்பெட்டி இல்லை. இன்று மோட்டார் சைக்கிளும் பகலைப்போல ஒளிரும் விளக்கும் கைத்தொலைபேசியும் இருக்கின்றன. "நாலு கிலோ வேணும், அண்ணை நாளைக்குக் கொழும்பால ஏறுறார்" என்று முன்கூட்டிச் சொல்லி வைக்கலாம். இதை வழக்கம் என்று எப்படிச் சொல்வது? வியாபாரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வியாபாரத்தின் நல்ல வாடிக்கையாளர்களில் நாமும் இருக்கிறோம். ஆடியிலும் மார்கழியிலும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஊரார் அன்போடு எதையாவது சமைத்துக் கொடுக்க நினைக்கிறார்கள். "மான் கிடைக்காதோ?" என்று நாம் விளையாட்டாகக் கேட்கிறோம். கேட்டவர் டொலரோடு வந்தவர் என்பதால் அது விளையாட்டாக முடிவதில்லை. தோட்டக்காரனின் பயறையும் கௌப்பியையும் மான் மேய்வது உண்மை. அவனுடைய கோபம் எனக்குப் புரிகிறது. அவனுக்கு வேலியும் நட்டஈடும் வேண்டும். ஆனால் விருந்தாளியின் தட்டுக்காக விழும் மான் எவருடைய பயிரையும் காப்பாற்றவில்லை.

2018 ஜூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தை ஊருக்குள் வந்து பலரைக் காயப்படுத்தியது. சனம் அதை அடித்தே கொன்றது. படம் உலகெல்லாம் சுற்றியது. அது ஏன் ஊருக்குள் வந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லவரவில்லை. ஆனால் உலர்வலயச் சிறுத்தையின் முதன்மை இரை புள்ளிமான் என்பது வில்பத்துவிலும் யாலவிலும் ஆய்ந்தவர்கள் அறிந்த செய்தி. அதன் உணவை நாம் உண்டுவிட்டு, அது எங்கே போய் உண்ணும் என்றாவது யோசிக்க வேண்டாமா?

ஆகவே மருமகனுக்கு என் விடை இது. பைனாகுலரைக் கட்டாயம் கொண்டு வா. முடிந்தால் இரண்டாகக் கொண்டு வா. ஒன்றை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போ. ஆடி மாதம் நல்ல மாதம். வன்னியில் மழை இல்லை. காட்டுக்குள் நீர்மடுக்கள் காய்ந்து, மான்கள் குளங்களின் வெளிகளுக்கு இறங்கும் காலம். உன் பெடியளைப் பகலில் கூட்டிக்கொண்டு போ. வழி காட்டியதற்கு, இறைச்சிக்குக் கொடுக்க நினைத்த காசைக் கொடு. மாலை நாலரைக்கு, காற்று உன் முகத்தில் அடிக்கும் பக்கமாகப் போய், மருதமரத்தின் கீழ் அசையாமல் உட்கார். யானை நடமாடும் இடம். இருட்டுமுன் வீதிக்கு வந்துவிட வேண்டும்.

முதலில் மந்திகளைப் பார். அவை மரத்திலிருந்து கடித்து உதிர்க்கும் தளிருக்கும் பழத்துக்கும் மான்கள் கீழே வரும். மேலிருந்து மந்தி அபாயக்குரல் கொடுத்தால் கீழே அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் நிமிரும். கொம்பில் வெல்வெட்டுப்போல் தோல் போர்த்த கிடாய், தாயின் வயிற்றோடு ஒட்டி நிற்கும் குட்டி, முதுகின் நடுக்கோட்டை ஒட்டி வரிசை பிடித்த வெண்புள்ளிகள், முன்காலால் மண்ணைத் தட்டித் தட்டி உன்னைச் சந்தேகிக்கும் மூத்த பிணை எல்லாம் எட்டு மடங்கில் தெரியும். ரோச் லைற்றில் இரண்டு நெருப்புப் புள்ளிகள்தான் தெரியும்.

நேற்று அவனிடமிருந்து செய்தி வந்தது. 8×42, போரோ வகை, இரண்டு வாங்கிவிட்டான். விலையையும் போட்டிருந்தான், நான் சொன்னதைவிடப் பதினைந்து டொலர் குறைவு. பெடியளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அவனுடைய தாய் இன்று காலை தனியாக அழைத்தாள். மகனுக்குத் தெரியவேண்டாம் என்று சொல்லிவிட்டு, "தம்பி, அவன் வரேக்க ஒரு அரைக் கிலோ மான் வத்தல் மட்டும் குடுத்துவிடுவியே? அம்மா போன பிறகு வாயில வைக்கேல்லை" என்றாள். எழுபது வயதைத் தாண்டியவள். மாங்குளத்து வீட்டு அடுப்படிப் பரணில் அம்மா கட்டித் தொங்கவிட்ட வத்தற் சரம் எனக்கும் நினைவிருக்கிறது. "பார்ப்பம் அக்கா" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். இங்கே நான் எழுதுவதை அவள் ஒன்றும் விடாமல் வாசிப்பவள்.